1865க்குப் பின்னர் நடந்த வரலாறு

வட்டுக்கோட்டையில் உயர்தர வகுப்பில் எங்களுக்கு வரலாறு கற்பித்த சேர், அமெரிக்க உள்நாட்டுப் போரின் சண்டைகள் அனைத்தையும் ஒரே பாடவேளையில் முடித்துவிட்டார். 1865 ஏப்ரல் 9 இல் அப்போமற்றொக்ஸில் தென் மாநிலப் படையின் தளபதி லீ சரணடைந்ததைச் சொன்னதும், பரீட்சைக்கு அதுவரை படித்தால் போதும், வரலாறு என்றால் இனித்தான் இருக்கிறது என்றார். அடுத்து வந்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு, அதாவது தோற்ற தெற்கை மீண்டும் நாட்டோடு இணைத்த, மறுசீரமைப்புக் காலம் எனப்படும் பகுதிக்கு, வாரக்கணக்கில் நேரம் ஒதுக்கினார். பரீட்சையில் வராத பாடம் எதற்கு என்று எங்களில் சிலர் முணுமுணுத்தபோதும் அவர் அவசரப்படவில்லை.

1860 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி தென் மாநிலங்களில் ஏறக்குறைய 40 இலட்சம் மக்கள் அடிமைகளாக இருந்தார்கள். 1865 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்தது. அந்த மக்களிடம் நிலமோ, வீடோ, உழுவதற்கு மாடோ இருக்கவில்லை. விற்கப்பட்டுப் பிரிந்துபோன மனைவியையும் பிள்ளைகளையும் தேடிப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அந்த ஆண்டு சனவரியில் வடக்குப் படைத் தளபதி ஷேர்மன் பிறப்பித்த கட்டளையினால், கரையோரத்தில் கைப்பற்றப்பட்ட நிலத்தில் குடும்பம் ஒன்றுக்கு 40 ஏக்கர் வரை கிடைக்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. ஏறக்குறைய 40,000 பேர் அங்கு குடியேறிப் பயிரும் வைத்தார்கள். லிங்கன் கொலையுண்ட பின் சனாதிபதியான அன்ட்ரூ ஜோன்சன், சில மாதங்களுக்குள்ளேயே அந்நிலத்தைப் பழைய எசமான்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். மறுசீரமைப்பின் தோல்விக்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும், இதுவே அவற்றின் வேர் என்று நான் கருதுகிறேன். நிலம் இல்லாதவன் பழைய எசமானின் தோட்டத்துக்கே குத்தகைக்காரனாகத் திரும்பிப் போகவேண்டியிருந்தது. வாக்குரிமை கிடைத்த பிறகும் அவனுடைய சாப்பாடு மற்றவன் கையிலேயே இருந்தது.

சேர் மிகவும் உருகிச் சொன்னது பள்ளிக்கூடங்களின் கதை. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதைப் பல தென் மாநிலங்கள் சட்டத்தால் தடைசெய்திருந்தன. அதனால்தான் விடுதலை கிடைத்ததும் பாட்டனும் பேரனும் ஒரே வாங்கில் இருந்து அரிச்சுவடி படித்தார்கள். போர் தொடங்கிய 1861 இலேயே, வேர்ஜீனியாவின் ஹம்ப்டனில், மேரி பீக் என்ற கறுப்பின ஆசிரியை தப்பி வந்த அடிமைகளுக்கு ஒரு ஓக் மரத்தடியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். லிங்கனின் விடுதலைப் பிரகடனம் 1863 இல் அதே மரத்தின் கீழ் வாசிக்கப்பட்டது. தென் கரோலினாவில் கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக அமர்ந்திருந்த பேரவை 1868 இல் இயற்றிய அரசியலமைப்பு, எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய அரசாங்கப் பள்ளிக்கூட முறையை அம்மாநிலத்தில் ஏற்படுத்தியது. அதற்காக வாதாடியவர்களுள் ஒருவர் ரொபேர்ட் ஸ்மோல்ஸ். அடிமையாக இருந்த காலத்தில், 1862 மே மாத விடியற்காலையொன்றில், தாம் வேலை செய்த பிளான்ரர் என்ற கப்பலைத் தம் குடும்பத்துடன் எதிரியின் கோட்டைகளைக் கடந்து வடக்குக் கடற்படையிடம் ஓட்டிச் சென்றவர் அவர். பின்னர் தாம் அடிமையாகப் பிறந்த வளவில் இருந்த எசமானின் வீட்டையே விலைக்கு வாங்கி, காங்கிரஸ் உறுப்பினருமானார்.

எங்கள் கல்லூரி மாணவர் அறிந்திருக்கவேண்டிய தொடர்பு ஒன்றும் இதில் உண்டு. 1816 இல் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவிய அமெரிக்கன் மிசன், பொஸ்ரனில் இருந்த அமெரிக்கன் போர்ட் என்ற சங்கத்தின் கிளையாகும். அச்சங்கம் அடிமைகளை வைத்திருந்தவர்களின் நன்கொடையை மறுக்கவும், அவர்களை வெளிப்படையாகக் கண்டிக்கவும் தயங்கியது. அதைப் பொறுக்காதவர்கள் விலகி 1846 இல் அமெரிக்கன் மிசனரி அசோசியேசனை அமைத்தார்கள். மேரி பீக்குக்குத் துணைநின்றதும், போருக்குப் பின் ஹம்ப்டன், ஃபிஸ்க், அற்லான்ரா, ரலடேகா முதலிய கல்விக்கூடங்கள் தோன்ற முன்னின்றதும் அந்தப் புதிய சங்கமே. நமக்குக் கல்வி தந்தவர்களை நன்றியோடு நினைக்கும் நாம், அவர்களுடைய சங்கம் தன் நாட்டின் மிகப் பெரிய அநீதிக்கு முன் வாய் திறக்கத் தயங்கியதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். அந்தச் செமினரியின் முதல் அதிபர் டானியல் பூவரின் பெயரைத் தாங்கிய எமது நூலகத்தில் வைத்தே சேர் இதை எங்களுக்குச் சொன்னார்.

கு குளுக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறியரின் இரகசியக் கும்பல் பள்ளிக்கூடங்களை எரித்தது. ஆசிரியர்களை அடித்துத் துரத்தியது. 1873 ஏப்ரலில் லூசியானாவின் கொல்ஃபக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பின மக்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டார்கள். குற்றவாளிகளென அறியப்பட்ட சிலருக்கு எதிரான தீர்ப்பையும் உயர் நீதிமன்றம் 1876 இல் தள்ளுபடி செய்தது. 1877 இல், தகராறுக்குள்ளான சனாதிபதித் தேர்தலை முடித்துக்கொள்ளும் உடன்பாட்டின் பேரில், தெற்கில் எஞ்சியிருந்த மத்திய அரசின் படையினரும் முகாம்களுக்குத் திரும்பினார்கள். 1890 இல் மிசிசிப்பி தொடங்கிவைத்த வழியில், எழுத்தறிவுச் சோதனையும் தலைவரியும் கொண்டு மாநிலங்கள் ஒவ்வொன்றாக வாக்குரிமையைப் பறித்தன. அது முழுமையாக மீண்டும் கைக்கு வர 1965 ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

நான் இந்நாட்டுக்கு வந்த பின்னரே, எங்கள் சேர் எவ்வளவு அரிய பாடத்தைத் தந்தார் என்பது விளங்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அமெரிக்கப் பாடநூல்கள் பல, மறுசீரமைப்புக் காலத்தை ஊழலும் திறமையின்மையும் மலிந்த ஆட்சி என்றே எழுதிவந்தன. 1888 இல் ஃபிஸ்கில் பட்டம் பெற்ற கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பொய்ஸ் 1930களில் அதை விரிவாக மறுத்தும், வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலோர் அவர் பக்கம் வர மேலும் முப்பது ஆண்டுகளாயின. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சேர் அந்த மறுப்பை எங்கே தேடிப் படித்தார் என்று கேட்க இன்று அவர் எங்களிடையே இல்லை. அவ்வகுப்பில் என்னுடன் இருந்தவர்கள் எவரேனும் அவர் சொல்லச் சொல்ல எழுதிய குறிப்புக் கொப்பிகளை வைத்திருந்தால், அவற்றின் பிரதியை மலர்க் குழுவிற்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மலரில் அந்தக் குறிப்புகளை அச்சேற்றுவதற்குக் குழுவினர் இசைந்திருக்கிறார்கள்.