புதுச்சேரி, கடலூர் கடலில் எந்த மாதம் எந்த மீனுக்குத் தூண்டில்

தூண்டிலுக்குப் படகு பேசுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: வஞ்சரம் கிடைக்குமா? மாதம் சரியாக இருந்தால் கிடைக்கும். ஐப்பசி மழையில் வந்து கேட்டால், வெளிக்கடலை விட்டுவிட்டு முகத்துவாரத்தில் கொடுவாவைத் தேடுங்கள் என்றுதான் சொல்ல முடியும்.

மழைக்காலம் முடிந்து ஆற்றுக் கலங்கல் அடங்க, தை பாதியாகிவிடும். அதன்பின் தெண்டி என்கிற நீரோட்டம் பிடித்து, தெற்கிலிருந்து நீர் ஓடத் தொடங்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் தெளிந்து அலையும் தணிந்திருக்கும். இதுதான் வஞ்சரம், சீலா, பாறை மூன்று மீனுக்கும் நல்ல நேரம். கடலடிப் பார்களின் (பாறைத் திட்டுகளின்) ஓரமாக ஐந்தாறு நாட் (கடல் மைல்) வேகத்தில் லூரை, அதாவது செயற்கை இரையை, இழுத்துக்கொண்டு ஓடினால் வஞ்சரம் அடிக்கும். பிரெய்டு எனும் பின்னல் நரம்பு 40 பவுண்டு போதும். நுனியில் ஒரு சாண் நீளம் கம்பி கட்டாயம் வேண்டும், வெறும் தங்கூசியை (நைலான் நரம்பை) அதன் பல் கத்தரிபோல் வெட்டிவிடும். அதே நேரம் கம்பி முழ நீளம் போனால், தெளிந்த நீரில் மீன் லூரைப் பார்த்துவிட்டு விலகிப் போகும்.

உயிர் இரை போடுவதென்றால் கானாங்கெளுத்திதான் முதல் தேர்வு. படகு, ஆள் நடக்கிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வஞ்சரம் முதலில் வாலைத்தான் நறுக்கும். இரையின் மூக்கில் ஒரே தூண்டில் முள் குத்தி விட்டால் பாதி இரைதான் திரும்பி வரும். வால் பக்கம் இன்னொரு சிறு முள்ளைக் கம்பியால் இணைத்துவிடுங்கள். டிராகை (ரீலின் பிரேக்கை) தூண்டில் நரம்பின் தாங்குதிறனில் கால் பங்குக்கு மேல் இறுக்காதீர்கள். முதல் ஓட்டத்தில் அடக்கப் பார்த்தால் வாய் கிழிந்து முள் கழன்றுவிடும். அரை மீட்டருக்குக் குறைந்த வஞ்சரம் இன்னும் முட்டையிடாத குஞ்சு, விட்டுவிடுவதே முறை.

இதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் கரையேறும் காலமும். கரையோரக் கடலில் மூச்சுவிட மேலே மிதந்து கிடக்கும், அங்கே எஞ்சின் வேகத்தைக் குறையுங்கள். மிதக்கும் ஆமை, மரக்கட்டை, மிதவை எதுவாக இருந்தாலும் அதன் அடியில் கடல் விரால் நிற்கலாம். அதற்கென்று ஒரு ராடு தயாராகக் கையில் இருக்கட்டும். ஆமையின் மேல் முள் படாமல், சற்றுத் தள்ளி இரையை வீசவேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டப்பட்டிருக்கும். நீங்கள் பேசும் படகு விசைப்படகாகப் பதிவாகியிருக்கிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். கோலா மீன் வெளிக்கடலில் கூட்டம் கூட்டமாகப் பறப்பது இந்தக் காலத்தில்தான். அதைத் துரத்திக்கொண்டு மயில் மீனும் சூரையும் வரும். கோலா தெறிக்கும் இடத்துக்குள் படகை விட்டால் கூட்டம் கலைந்துபோகும். சுற்றி ஓட்டி, லூர் மட்டும் ஓரத்தைத் தொட்டுப் போகும்படி இழுங்கள்.

ஆடி, ஆவணியில் விடியற்காலை கச்சான் காற்று கரையிலிருந்து வீசும், கரையோரம் அலை இருக்காது. மதியம் கடற்காற்று எழும்பியதும் ஆட்டம் கொடுக்கும். ஐந்து மணிக்குப் புறப்பட்டுப் பதினோரு மணிக்குள் திரும்புவது உத்தமம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை கடலுக்குப் போவதை மறந்துவிடலாம். 2011 டிசம்பரில் தானே, 2024 நவம்பரில் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைத் தாக்கிய புயல்கள் இந்தப் பருவத்துப் புயல்கள்தான். ஆனால் அரியாங்குப்பம் ஆறு, தென்பெண்ணை, கெடிலம் கழிமுகங்களில் இதுதான் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் காலம். வெள்ளம் மணல் திட்டை உடைத்ததும் மடவையும் இறாலும் வெளியேறும், கொடுவா வாசலில் காத்திருக்கும். வெள்ளம் உச்சத்தில் செம்மண் நிறமாக ஓடும்போது ஒன்றும் கடிக்காது. நீர் சற்றுத் தெளிந்து, கலங்கலும் தெளிவும் சந்திக்கிற கோட்டில், வற்றம் ஆரம்பித்த நேரத்தில் உயிருள்ள மடவைக் குஞ்சை விடுங்கள். இதற்குக் கம்பி வேண்டாம். கொடுவாவுக்கு வெட்டும் பல் கிடையாது, செவுள் மூடிதான் கத்தி. 40 முதல் 60 பவுண்டு தங்கூசி ஒரு மீட்டர் போதும். தூக்கும்போது செவுளுக்குள் விரல் விடாதீர்கள். கெளுத்தி மாட்டினால் கையால் தொடவே வேண்டாம், முதுகு முள்ளும் பக்க முட்களும் விஷம், குறடால் கழற்றுங்கள்.

முகத்துவாரம் தாண்டுவதில்தான் படகுகள் கவிழ்கின்றன. வற்றத்தில் வெளியே பாயும் நீர் உள்ளே வரும் அலையோடு மோதினால் அலை செங்குத்தாக எழும். மணல் தூர்ந்த வாயில் என்றால் இன்னும் மோசம். ஏற்றம் பார்த்துத் திரும்பும் ஓட்டுநரையே தேர்ந்தெடுங்கள், லைஃப் ஜாக்கெட்டை வாயிலைத் தாண்டும் முன்பே மாட்டுங்கள்.

ஐஸ் மீனின் எடைக்குச் சமமாவது வேண்டும். சூரையையும் வஞ்சரத்தையும் பிடித்த உடனே செவுளை வெட்டி ரத்தம் வடித்து, ஐஸும் கடல்நீரும் கலந்த பெட்டிக்குள் போடுங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் என்னும் நச்சு உண்டாகிவிட்டால், எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலியோடு அரிப்பும் எடுக்கும்.