கிரிவலத்துக்கு ஓர் இரவு, கேமராவுக்கு ஒரு பகல்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். தனியாக, விறுவிறுவென்று நடப்பவருக்கு மூன்றரை மணி நேரம் போதும். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தால் ஐந்துக்குக் குறையாது. கேமராவும் கூட வந்தால் கணக்கே இல்லை. படம் எடுக்க ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். வெறுங்காலில் நடை பழகிவிடும். நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போதுதான் உள்ளங்கால் உயிரை வாங்கும். குடும்பத்தோடு போகும் பௌர்ணமியில் கேமரா பை அறையிலேயே இருக்கட்டும்.

பௌர்ணமித் திதி பெரும்பாலும் இரண்டு தேதிகளில் விழும். பஞ்சாங்கத்தில் தொடக்க நேரம், முடியும் நேரம் இரண்டையும் பார்த்து, இரவு முழுக்கத் திதி இருக்கும் நாளைப் பிடியுங்கள். அலுவலகத்தில் பலர் அன்றைய பகலுக்கு விடுப்பு கேட்கிறார்கள். வேண்டியது மறுநாள் விடுப்பு. விடிய விடிய நடந்து, பேருந்து நிலையக் கூட்டத்தில் முட்டி மோதி ஏறி, சென்னைக்கு நாலைந்து மணி நேரம் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து வந்தால் பாதம் வீங்கிவிடும். அப்படியே வேலைக்குப் போனால் மேலாளருக்கும் புண்ணியமில்லை, நமக்கும் இல்லை.

எங்கே தொடங்குகிறோமோ அங்கேயே முடிக்க வேண்டும். மலை வலக்கைப் பக்கம் இருக்கும். சாலையின் இடது ஓரமாக நடப்பது வழக்கம். மலையை ஒட்டிய ஓரம் சித்தர்களுக்கு என்பார்கள். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானம் என்று எட்டு லிங்கங்கள். கடைகளும் வெளிச்சமும் இருக்கும் தொடக்கத்தில் எல்லோரும் ஓடுகிறார்கள். வருண லிங்கம் தாண்டியதும் நொண்டுகிறார்கள். கொப்புளத்துக்குக் கல்லைவிட ஈரம்தான் பெரிய காரணம். தண்ணீர்ப் பந்தலருகே நனைந்த காலோடு அப்படியே நடந்தால் தோல் ஊறி உரியும். ஒரு சின்னத் துண்டு வைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் மாலை ஆறு மணிக்கு முன் தார்ச்சாலையில் கால் வைக்கவே கூடாது.

முழங்கால் வலியுள்ள அம்மாவோ மாமாவோ வந்தால், முடிவெடுக்க வேண்டிய இடம் எம லிங்கம் தாண்டி, பாதை செங்கம் சாலையை விட்டு வலப்புறம் திரும்பும் முனை. அதற்குப் பிறகு மலையின் மறுபக்கம்; போகப் போகத் திரும்புவதும் மேலே நடப்பதும் ஏறக்குறைய ஒரே தூரமாகிவிடும். நண்பர்கள் கூட்டமாகப் போனால் கைபேசியை நம்பாதீர்கள். பௌர்ணமி நெரிசலில் இணைப்பு கிடைக்காமல் போகும். ‘நிருதி லிங்கத்தில் சேர்வோம்’ என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். குபேர லிங்கம் வேண்டாம். அங்கே காசு வேண்டி நிற்கும் வரிசையில் ஆளைத் தேட முடியாது.

கேமராவுக்கான நாள் கூட்டமில்லாத வார நாள். ரமணர் 1916 முதல் 1922 வரை இருந்த ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் வழியில், கோயில் முழுதும் கோபுரங்களோடு கீழே விரியும். மலை கோயிலுக்கு மேற்கே இருப்பதால், காலையில் சூரியன் கோயிலுக்குப் பின்னாலிருந்து நம் முகத்திலடிக்கும். பனிமூட்டத்தில் கோபுரங்கள் கறுப்பு நிழலாகத்தான் வரும். மாலை ஒளி நேராக விழும். ஆனால் சூரியன் மறைவதற்கு வெகுமுன்பே மலையின் நிழல் கோயிலை மூடிவிடும். நாலரை மணிக்கு மூச்சிரைக்க ஏறிவந்து ஏமாறுபவர்கள் அதிகம். மூன்றுக்கே மேலே இருங்கள். குரங்குகள் கண்ணில் பிளாஸ்டிக் பை படக்கூடாது.

நிலா மலைக்குப் பின் இறங்கும் படம் வேண்டுமானால், பௌர்ணமி விடியலில் கோயிலுக்குக் கிழக்கே நிற்க வேண்டும். கைபேசிச் செயலி சொல்லும் நிலா மறைவு நேரம் சமதரைக்கானது. கோபுரத்தருகே மலையுச்சி அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 20 டிகிரி. நிலா மணிக்கு 15 டிகிரிதான் நகரும். ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகவே ஒளிந்துகொள்ளும். கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளை) 11, ஷட்டர் 1/125 நொடி என்று தொடங்குங்கள்.

கற்பூரச் சுடரை எடுக்கத் தானியங்கி வண்ணச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) நிறுத்தி, ‘பகல் வெளிச்சம்’ என்ற அமைப்பில் வையுங்கள். இல்லையேல் பொன்னிறம் போய்விடும். சாதுக்களைக் கேட்டுவிட்டு எடுங்கள், ஃபிளாஷ் கூடாது. கருவறைப் பக்கம் கைபேசியைக்கூட நீட்டாதீர்கள்.

கிரிவல இரவில் ஒரே ஒரு குடும்பப் படம் போதும், அதற்குக் கைபேசியே தாராளம். 217 அடி ராஜகோபுரத்தை அடியிலிருந்து அண்ணாந்து எடுத்தால் அது பின்னால் சாயும். கைபேசியை நிமிர்த்திப் பிடித்தபடியே கலசம் தெரியும்வரை கிழக்கே பின்வாங்குங்கள். வீட்டாரைக் கோபுரத்தருகே விடாமல் கூடவே அழைத்து வந்து உங்களிடமிருந்து நாலடி தள்ளி நிறுத்துங்கள். நடக்கத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். முடித்த பிறகு என்றால் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள்.