வாசனை திரும்பி வந்த வழி

2021, இரண்டாம் அலை. கொரோனா காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, எல்லாம் சரியான பிறகும் வாசனை மட்டும் தெரியவில்லை. மூக்கடைப்பு கிடையாது. ரசத்துக்குப் பெருங்காயம் தாளித்தால் பக்கத்து வீட்டுக்கே மணக்கும்; அடுப்படியில் நிற்கும் எனக்கு ஒன்றுமே எட்டாது.

மூக்கின் உச்சியில் வாசனை நரம்பு செல்கள் இருக்கின்றன, அவற்றைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத்தான் இந்த வைரஸ் முக்கியமாகத் தாக்குகிறது என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கினார். துணை போனால் நரம்பும் படுத்துவிடும். ஆனால் இந்த நரம்பு செல்கள் பெரியவர்களுக்கும் புதிதாக முளைக்கக்கூடியவை. "முளைச்சு மூளை வரைக்கும் போய்ச் சேரணும். பொறுமையா இருங்க" என்றார்.

அப்புறம் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் என்பவரின் குழு 2009இல் வெளியிட்ட முறை அது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனை. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 10 விநாடி முகர வேண்டும், குறைந்தது 12 வாரம். சின்னச் சின்ன பாட்டில்களில் பஞ்சு வைத்து, அந்தந்த வாசனைத் தைலம் சில சொட்டு விட்டுக்கொண்டேன். முகரும்போது அந்த வாசனையை மனசில் கொண்டுவரவும் முயல வேண்டும். எனக்கு அதுதான் கடினமாக இருந்தது.

முதலில் யூகலிப்டஸில் ஜிவ்வென்று ஒரு குளிர்ச்சி தெரிந்தது. அது வாசனை இல்லையாம். முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் வேறொரு நரம்பின் வேலை. பல வாரம் கழித்துக் கிராம்பு லேசாக எட்டியது.

அதன் பிறகு வந்த கட்டம்தான் கொடுமை. காபி, எரிந்த ரப்பர் போல நாறியது. வதக்கிய வெங்காயம் குமட்டியது. புதிதாக முளைத்த நரம்புகளின் இணைப்பு சரியாக அமையாதபோது இப்படி ஆகலாம், பலருக்கு இது குணமாகும் வழியில்தான் வருகிறது என்று மருத்துவர் சொன்னதால் பயிற்சியை விடவில்லை. அந்த நாட்களில் தயிர்சாதம்தான் காப்பாற்றியது. இந்தக் கட்டத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று, சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டான் என்ற நாற்றமுள்ள வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். வாசனை தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கை போய்ச் சேராது. எங்கள் வீட்டில் சமைத்து முடித்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுவோம்.

இப்போது காபி காபியாக மணக்கிறது. மல்லிகை மட்டும் இன்னும் அரைகுறைதான்.