தட்டில் இல்லாத தமிழ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாய் விரித்து, தங்கை பிள்ளைகளுக்கும் தெருப் பிள்ளைகளுக்கும் வாயேஜர் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். 1977-ல் கிளம்பிய இரண்டு விண்கலங்கள். ஒவ்வொன்றிலும் தோசைக்கல் அகலத்துக்குத் தங்க முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு. வேற்றுக்கிரகத்தில் யாராவது அதை எடுத்து ஓடவிட்டால் 55 மொழிகளில் வாழ்த்து கேட்கும். தெலுங்கு உண்டு, கன்னடம் உண்டு, இந்தி, உருது, வங்காளம், மராத்தி, குஜராத்தி எல்லாம் உண்டு.

"தமிழ்?" என்றாள் தங்கையின் பெரிய பெண்.

இல்லை. பெரும்பாலான வாழ்த்துகளை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவசர அவசரமாக, அங்கே அகப்பட்டவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்தார்கள். தமிழ் விட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டுப் பையன் வீட்டில் உருது பேசுகிறவன். "எங்க பாஷை இருக்கு!" என்று மாடியை ஒரு சுற்று ஓடி வந்தான். இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அப்போ அவங்க இங்க வந்தா நாம பேசறது புரியவே புரியாதா பெரியம்மா?" என்றாள்.

"புரியாது" என்றேன். "நாம என்ன திட்டம் போட்டாலும் புரியாது."

அவள் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! கதை அங்கேதான் பிறந்தது. நான்கு ஞாயிறு ஓடியது.

படையெடுத்து வருகிறவர்கள் நியூயார்க்கில்தான் இறங்குவார்கள் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நாங்கள் வாணியம்பாடிக்காரர்கள். ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வானாய்வகம். யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது வெளிப்பட்ட 1977 மார்ச்சில், அதைப் பதிவு செய்த தொலைநோக்கிகளில் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் உண்டு. வாயேஜர் கிளம்பிய அதே வருஷம். இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே இருக்கிறது?

ஆகவே அவர்கள் காவலூரில் இறங்கினார்கள். உடம்பு புளிமூட்டை மாதிரி, கை மூன்று. பெயரும் புளிமூட்டைகள்தான், வைத்தது தங்கையின் சின்னவன். இறங்கியதும் பெரிய தொலைநோக்கியின் வெள்ளைக் கூண்டைப் பார்த்து, அதுவும் யாரோ வந்திறங்கிய கப்பல் என்று நினைத்து, "முதலில் வந்தவர்களுக்கு மரியாதை" என மூன்று நாள் அதன் முன்னால் கும்பிட்டு நின்றார்கள். கூண்டு பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் மலையை விட்டு இறங்கினார்கள்.

இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கை தூக்கினான். "வாயேஜர் இன்னொரு நட்சத்திரத்துக்குப் பக்கத்துல போறதுக்கே 40,000 வருஷம் ஆகும்னு நீங்கதானே ஆன்ட்டி சொன்னீங்க? அப்புறம் எப்படி அவங்களுக்குக் கிடைச்சுது?"

அவன் கேட்டது நியாயம். புளிமூட்டைக்கு மூன்று கை இருக்கலாம், பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் 40,000 என்று ஒருமுறை சொன்னால் அது 40,000தான். அன்று கதையை அங்கேயே நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் யோசித்தேன். அடுத்த ஞாயிறு பதில் வைத்திருந்தேன்: வாயேஜர் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, அவர்கள்தான் இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். சுமார் 2,500 கோடி கிலோமீட்டர் தூரத்தில், ஒளியே வந்துசேர ஏறக்குறைய ஒரு நாள் ஆகிற இடத்தில், வழியில் கண்டார்கள். ரோட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுப் பந்திக்கு வருகிற மாதிரி.

"எடுத்துட்டாங்கன்னா சிக்னல் நின்னுடுமே?"

"கேட்டுட்டு இருந்த எடத்துலயே வெச்சுட்டாங்க."

"சரி" என்றான். அவன் சரி சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

பத்திரிகை என்று சொன்னது சும்மா இல்லை. அந்தத் தட்டில் சீனாவின் அமோய் மொழி பேசும் ஒருவர், விண்வெளி நண்பர்களே, சாப்பிட்டீர்களா, நேரமிருந்தால் வந்து போங்கள் என்கிறார். நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. எனக்கு அந்தத் தட்டிலேயே மிகப் பிடித்த வரி அது. முன்பின் தெரியாத உயிரிடம் முதலில் கேட்கத் தோன்றியது சாப்பாட்டைப் பற்றி!

ஆகவே புளிமூட்டைகளின் தலைவர் வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் நின்று அறிவித்தார்: "நீங்கள் கூப்பிட்டீர்கள், வந்திருக்கிறோம். தயவுசெய்து பூமியைக் கொடுத்துவிட்டால் மிக்க மகிழ்ச்சி." மிரட்டல்தான். ஆனால் அவர்கள் மொழி கற்றது வாழ்த்து வரிகளிலிருந்து. கெட்ட வார்த்தை ஒன்றுகூடத் தெரியாது. மூன்று கையிலும் துப்பாக்கி, வாயில் "நல்வாழ்த்துகள்." அப்போது ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். ரயில் சத்தம் தட்டில் இருக்கிறது. நாய் குரைப்பதும் இருக்கிறது. தெருநாய் ஒவ்வொன்றுக்கும் நின்று வணக்கம் சொன்னார்கள்.

எதிர்த்து நின்றவர்கள் மூன்று பிள்ளைகள்: குண்டூசி, பம்பரம், தவக்களை. குண்டூசி உருதுவில் பேச்சுக் கொடுப்பாள், பம்பரம் தெலுங்கில் பதில் சொல்லி இழுத்தடிப்பான். திட்டம் மட்டும் தமிழில். ஒட்டுக்கேட்கும் கருவி எத்தனை வைத்தும் அவர்களுக்கு இரைச்சல்தான் கேட்டது. தவக்களை திட்டத்தைச் சொல்கிற கட்டத்தில் பிள்ளைகள் எல்லோரும் என்னை நெருங்கி உட்கார்ந்துவிட்டார்கள். குரலைத் தாழ்த்தி, "விருந்தும் மருந்தும் மூணு நாள்" என்றேன். அர்த்தம் தெரியாத சின்னவனுக்குப் பெரியவள் காதில் விளக்கினாள்.

முதல் நாள் சாமைச் சோறும் மலைத்தேனும். இரண்டாம் நாள் பிரியாணியும் கத்தரிக்காயும். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தட்டில் அந்த வார்த்தையே இல்லையே. இலையில் விழுந்துகொண்டே இருந்தது. "இன்னும் ஒரு கரண்டி, வளர்ற பிள்ளை" என்று முந்நூறு வயதுத் தலைவருக்குக் குண்டூசியின் பாட்டி பரிமாறினார். இங்கே சின்னவன் சிரித்துச் சிரித்துப் பாயிலிருந்து உருண்டுபோனான். மூன்றாம் நாள் காலையில் பாட்டி, "மதியத்துக்கு என்ன செய்யட்டும்?" என்று கேட்டதுதான் தாமதம், புளிமூட்டைகள் கப்பலை நோக்கி ஓட ஆரம்பித்தார்கள். ஓட எங்கே, உருள.

கதவு மூடுமுன் தலைவர் திரும்பி நின்றார். மூன்று நாளில் ஒரே ஒரு தமிழ் வாக்கியம் கற்றிருந்தார். பந்தி முடிந்து கிளம்புகிற ஒவ்வொருவரும் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். மூன்று கையையும் கூப்பிச் சொன்னார்:

"போயிட்டு வர்றோம்."

மாடியில் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் ஏழாம் வகுப்புப் பையன்தான் முதலில் எழுந்தான். "ஐயோ ஆன்ட்டி, வர்றோம்னு சொல்லிட்டாங்களே!"

வருகிற ஞாயிறு இரண்டாம் பாகம் தொடங்குகிறேன்.