எம்.பில். எலி வேலையில் நான் பட்டது

வாழைக்கு அடிக்கிற பூச்சிமருந்து குளோர்பைரிபாஸ், எலி மூளையில் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியை (நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினை உடைப்பது) எவ்வளவு முடக்குகிறது? இதுதான் என் எம்.பில். தலைப்பு. இதே வேலையில் இறங்குகிறவர்கள் என்னைப்போல் அலையக் கூடாது என்று எழுதுகிறேன்.

முதல் அடி, விலங்கு நெறிமுறைக் குழுவில். மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனால், என் ஃபைல் மேசையிலேயே கிடக்கிறது. "எலி எண்ணிக்கைக்குக் காரணம் எழுதலியே, அடுத்த கூட்டத்துக்குப் பாப்பம்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். கொடுத்த அன்றே சொல்லியிருக்கலாம். விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் பிரதிநிதி வராமல் கூட்டம் நடக்காது. எனக்கு மூன்று மாதம் போனது. படிவம் கொடுத்த மறுநாளே போன் போட்டுக் கேளுங்கள்.

அந்த இடைவெளியில் கடையில் வாங்கின ஆட்டு மூளையை அரைத்து, மருந்தை நேரே குழாயில் விட்டுப் பார்த்தேன். நொதி அசையவே இல்லை. பஃபர் (அமில-காரத் தன்மை மாறாமல் வைக்கும் கரைசல்) தப்பு என்று நினைத்து ஒரு வாரம் அதையே மாற்றி மாற்றிக் கலக்கினேன். கடைசியில் கைடு மேடம்தான் சொன்னார்: "அது ஈரல்ல போய் ஆக்ஸானா மாறினாத்தான் நொதியைப் பிடிக்கும்." ஆக்ஸான் என்பது அந்த மருந்தின் வீரியமான வடிவம்; என் குழாயில் ஈரல் ஏது.

அனுமதி கிடைத்து, மருந்து கொடுத்து, மூளை எடுத்தது எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ஃப்ரீசரில் வைத்தேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். ரோடெல்லாம் ரப்பர் மரம், கரண்ட் இல்லை. ஐந்தாம் நாள் போய்த் திறந்தால் குழாய்களில் பழுப்புத் தண்ணீர், மூக்கைப் பிடிக்கும் வாடை. ஆராய்ச்சி தள்ளிப்போனது கூடப் பரவாயில்லை, அத்தனை எலிகளின் உயிர் வீணாகிவிட்டதே என்பது இன்றும் உறுத்துகிறது.

மறுபடியும் அனுமதி, மறுபடியும் எலி. இந்த முறை தெர்மாகோல் பெட்டி நிறைய ஐஸ் வைத்து, எடுத்த அன்றே அளந்தேன். நொதியை அளக்க எல்மன் 1961-இல் கொடுத்த முறைதான்; நொதி வேலை செய்தால் மஞ்சள் நிறம் ஏறும், அதை 412 நானோமீட்டர் ஒளியில் பார்க்க வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: மூளைத் திசுவில் ஏற்கெனவே உள்ள கந்தகச் சேர்மங்களும் அந்த மஞ்சளைத் தரும். ரீடிங் அடங்கும் வரை பொறுத்து, அப்புறம்தான் நொதி உடைக்க வேண்டிய அசிட்டைல்தயோகோலினை விட வேண்டும்.

மருந்து கொடுக்காத எலியின் குவெட் (கருவியில் வைத்து அளக்கும் சிறு குழாய்) கண்ணெதிரே மஞ்சளானது. மருந்து கொடுத்ததை வைத்தேன். ஐந்து நிமிடம் ஆகியும் வெளிறியேதான் இருந்தது. மேடத்தைக் கூப்பிட ஓடினேன்.