வரிசையில் நில் என்றால், எந்த வரிசையில்?

நியூ ஜெர்சியில் ஒரு குடிவரவு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாராலீகலாக இருக்கிறேன். வழக்கறிஞர் வாதாடுவார், கையெழுத்துப் போடுவார். படிவம் நிரப்புவது, சான்றுகளைக் கோப்பது, கட்சிக்காரர்களின் புலம்பலைக் கேட்பது என்னைப் போன்றவர்களின் வேலை. எங்களிடம் வருபவர்களில் ஒரு பாதி எடிசன் பக்கத்து மென்பொருள்காரர்கள், நம் ஊரும் ஆந்திராவும். மறு பாதி நியூ பிரன்ஸ்விக்கில் குடியிருக்கும் மெக்சிகோக்காரர்கள், அதிலும் வஹாக்கா மாநிலத்தார்: ஓட்டல் சமையலறை, கிடங்கு, புல்வெட்டு, கூரை வேலை. இரண்டு ஊருக்கும் நடுவே ராரிட்டன் ஆறுதான். எங்கள் வரவேற்பறையில் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், பேசிக்கொள்ள மாட்டார்கள்.

எந்தத் தேதி வரை விண்ணப்பித்தவர்களுக்கு இப்போது கிரீன் கார்டு என்று சொல்லும் விசா புல்லட்டினை, மாதம் ஒருமுறை வெளியுறவுத் துறை வெளியிடும். அன்று எங்கள் போன் ஓயாது. "அக்கா, டேட் நகர்ந்துச்சா?" என்பதுதான் கேள்வி. 1990-இல் போட்ட சட்டப்படி, வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 9,800 வரும். மற்றவர்கள் எடுக்காமல் விட்டது சில ஆண்டுகளில் கூடுதலாகக் கிடைக்கும், அவ்வளவுதான். இந்த எண்ணிக்கையில் மனைவி, கணவன், பிள்ளைகளும் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. நால்வர் கொண்ட குடும்பம் நான்கு இடத்தை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நம்மவர்களின் வரிசை பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கணக்கு பிறந்த நாட்டை வைத்துத்தான், குடியுரிமையை வைத்து அல்ல. மனைவி கொழும்பிலோ குவைத்திலோ பிறந்தவர் என்றால், கணவர் அந்த நாட்டுக் கணக்கில் ஏறிக்கொள்ளலாம். அதனால் புதுக் கட்சிக்காரரிடம் நான் முதலில் கேட்பது "உங்க வீட்டுக்காரம்மா எங்கே பிறந்தாங்க?" என்றுதான். ஜாதகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சிரித்தார். அதே படிப்பு, அதே கம்பெனி, பக்கத்து மேசை. ஒருவருக்குச் சில ஆண்டு, இன்னொருவருக்கு எப்போது என்றே தெரியாது. இதைத் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முறை என்று சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

காத்திருக்கும் காலத்தில் எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவை நீட்டித்துக்கொண்டே போகலாம், 2000-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்தது. வேலை போனால் 60 நாள் அவகாசம். இதையெல்லாம் கூடச் சமாளிக்கிறார்கள். கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு 21 வயது முடியும்போதுதான் உடைந்துபோகிறார்கள். பெரும்பாலும் அதோடு அது பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடும். அப்புறம் மாணவர் விசா, அதன் பின் எச்1பி குலுக்கல். இங்கேயே பள்ளி முடித்த பெண் வெளிநாட்டு மாணவியாகப் படிவம் நிரப்புகிறாள்.

இந்த வேதனையில்தான் ஒரு மென்பொருள்காரர் அடுத்த நாற்காலியைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் என்னிடம் சொன்னார்: "நாங்க முறையா வந்து வரிசையில நிக்கிறோம். இவங்களும் வரிசையில வரட்டுமே அக்கா."

எந்த வரிசையில்? பாத்திரம் கழுவுகிற ஒருவருக்கு அமெரிக்காவில் நிரந்தரமாக வேலை செய்ய ஒரு பிரிவு இருக்கத்தான் செய்கிறது. மொத்த உலகத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 இடம், அதிலும் அவர்கள் குடும்பத்தார் அடக்கம். இந்த நாட்டில் ஆவணமின்றி வாழ்பவர்கள் ஒரு கோடிக்கு மேல் என்பது பொதுவான மதிப்பீடு.

அந்த அடுத்த நாற்காலிக்காரர் ஓட்டல் சமையலறையில் இருக்கிறார். மனைவி இங்கேயே பிறந்த குடியுரிமைக்காரர். அப்படியானால் சுலபம்தானே என்பார்கள். எல்லையைத் தாண்டி வந்தவர் என்பதால், அவர் வெளியே போய்த் தூதரகத்தில் விசா வாங்கி வர வேண்டும். ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கியவர் வெளியே போனால் பத்து ஆண்டு உள்ளே வரக்கூடாது என்கிறது 1996 சட்டம். 2013 முதல் இங்கிருந்தபடியே விலக்குக் கேட்கலாம். ஆனால் மனைவிக்கோ பெற்றோருக்கோ கடும் துன்பம் நேரும் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளைகள் படும் துன்பம் தனியாகக் கணக்கில் வராது. அவர் கொண்டுவந்த பையில் ஐடின் எண் (ஆவணமில்லாதவர்களும் வாங்கக்கூடிய வரி எண்) போட்டு வரி கட்டிய ரசீதெல்லாம் ஆண்டு வாரியாக ரப்பர் பேண்டு போட்டு இருந்தன. எங்கள் எஞ்சினியர்கள் பலர் இவ்வளவு ஒழுங்காக வைத்திருப்பதில்லை.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு மசோதா வந்தால் போதும் என்பது வாட்ஸாப் குழுக்களில் பலருடைய எண்ணம். வந்தது. நாட்டு உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 365-65 என்று நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது, இரண்டும் சேரவில்லை, முடிந்தது. சேர்ந்திருந்தாலும் மொத்த இடம் ஒன்றுகூடக் கூடியிருக்காது. நம் எஞ்சினியர் முன்னே போவார், பிலிப்பைன்ஸ் நர்சு பின்னே போவார். இருக்கிற சோற்றைப் பந்தி மாற்றிப் பரிமாறும் வேலை. எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமானால் பேரம் பெரிதாக வேண்டும். அதில் எல்லைக் காவலும் வரும், விவசாயக் கூலிகளும் வருவார்கள், ஆவணமில்லாதவர்களும் வருவார்கள்.

அந்தப் பெரிய பேரம் 2013-இல் ஏறக்குறைய படிந்தது. செனட்டில் ஒரு மசோதா 68-32 என்று நிறைவேறியது. குடும்பத்தாரை எண்ணிக்கையிலிருந்து விலக்கியது, நாட்டு வரம்பை எடுத்தது, எல்லைக்கு ஆள் சேர்த்தது, குறைந்த திறன் வேலைகளுக்குப் புது விசா தந்தது, ஆவணமற்றவர்களுக்குக் குடியுரிமை வரை 13 ஆண்டுப் பாதை போட்டது. அண்ணன் தம்பியைக் கூப்பிடும் பிரிவை ஒழித்ததில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் எடிசனும் நியூ பிரன்ஸ்விக்கும் ஒரே காகிதத்தில் வந்தது அதில்தான். பிரதிநிதிகள் சபையில் சபாநாயகர் ஜான் பெய்னர் அதை வாக்கெடுப்புக்கே விடவில்லை.

பொதுமன்னிப்பு என்றாலே 1986-ஐக் காட்டி பயமுறுத்துவார்கள். ரீகன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தில் சுமார் 27 லட்சம் பேர் ஆவணம் பெற்றார்கள். அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்களே என்பது வாதம். வந்தார்கள், ஏனென்றால் இருந்தவர்களுக்கு வழி செய்த சட்டம் இனி வரப்போகிற கூலிகளுக்குப் போதுமான வழி செய்யவில்லை. வேலை இருந்தது, விசா இல்லை. பாதிச் சீர்திருத்தத்தின் விளைவு அது.

அதே 1986-இல்தான் இன்னொரு விதியும் கடைசியாகத் திருத்தப்பட்டது. பல்லாண்டாக இங்கேயே வாழ்பவர், எப்படி வந்தார் என்று பாராமல் நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு, விண்ணப்பிக்க ஒரு பழைய பிரிவு உண்டு, 1929-இல் தொடங்கியது. தகுதித் தேதியை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அவ்வப்போது முன்னே நகர்த்திவந்தது. 1986-இல் வைத்த தேதி 1972 ஜனவரி 1. அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. எங்கள் அலுவலகத்தில் இந்தப் பிரிவுக்கு யாராவது தகுதி பெறுகிறாரா என்று பார்க்கும் வழக்கமே இல்லை. பார்க்கிற எங்களில் பலர் அந்தத் தேதியில் பிறந்திருக்கவே இல்லை.