சேலத்தில் பழகிய கையும் வெளிநாட்டு ரோடும்

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் எங்கள் டிரைவிங் ஸ்கூலில் முதலில் கேட்பது இதைத்தான்: "சார், இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துட்டா போதும்ல?" போதாது. அது ஓர் அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும். அசல் லைசென்ஸ் கூடவே இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. சாரதி என்ற அரசு லைசென்ஸ் இணையதளத்தில் விண்ணப்பித்து, பாஸ்போர்ட், விசா நகல் கொடுத்து, 1,000 ரூபாய் கட்டினால் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே கிடைக்கும். பத்து வருடம் செல்லும் என்று இணையத்தில் விற்கிற அட்டைகள் எல்லாம் போலி. அதைக் காட்டி வெளிநாட்டுப் போலீஸிடம் மாட்டினால் கூடுதல் சிக்கல்தான்.

மற்றதெல்லாம் எந்த நாடு, எந்த விசா என்பதைப் பொறுத்தது. விசிட் விசாவில் துபாய் போய் வாடகைக் கார் எடுப்பவருக்கு இந்தச் சீட்டு உதவும். அவருக்கே ரெசிடென்ஸ் விசா வந்துவிட்டால் உதவாது, அந்த ஊர் லைசென்ஸ் எடுத்தே ஆக வேண்டும். எடுக்காமல் ஓட்டி எங்காவது இடித்தால் இன்சூரன்ஸும் கை கொடுக்காது. பிரிட்டனில் குடியேறியதிலிருந்து 12 மாதம் நம் லைசென்ஸில் கார் ஓட்டலாம். அதற்குள் புரொவிஷனல் லைசென்ஸ் (நம் எல்.எல்.ஆர். மாதிரி) வாங்கி, எழுத்துத் தேர்வில் 50 கேள்விக்கு 43 சரியாகப் போட்டு, வரப்போகும் ஆபத்தை வீடியோவில் பார்த்துச் சொல்லும் தேர்வில் 75-க்கு 44 எடுத்து, அப்புறம் ரோட்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஜெர்மனியில் 6 மாதம்தான். அதற்கு மேல் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய குற்றமாகிவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் 60 நாள். பலர் இந்தக் கணக்கை அனுமதிச் சீட்டில் உள்ள தேதியிலிருந்து எண்ணுகிறார்கள். அங்கே குடியிருக்கத் தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

நம் ஆட்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: இனிஷியல். லைசென்ஸில் "கு. செந்தில்" என்றிருக்கும், பாஸ்போர்ட்டில் "செந்தில் குமாரசாமி" என்றிருக்கும். நமக்கு ஒரே ஆள். ஒன்டாரியோவிலோ பெர்லினிலோ கவுன்டரில் இருப்பவருக்கு இரண்டு ஆள். இந்தத் திருத்தத்தை டிக்கெட் போடுவதற்கு முன்பே இங்கே முடித்துவிட வேண்டும், அங்கே போய்விட்டால் செய்வது பெரும்பாடு. லைசென்ஸ் காலாவதி ஆக ஒரு வருடத்துக்குள் இருந்தால் இப்போதே புதுப்பிக்கலாம். பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தங்கள் விவரம் சாரதியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறாமல் ஆன்லைனில் எந்த வேலையும் நகராது. ஒன்டாரியோ போகிறவர்கள் எத்தனை வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறோம் என்று ஆர்.டி.ஓ.விடம் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் என்று அதிகாரப்பூர்வமாகக் காட்டினால், அங்கே எழுத்துத் தேர்வு முடிந்ததும் இடைப்பட்ட படிகளைத் தாண்டி நேராகக் கடைசி ரோடு டெஸ்டுக்கே போகலாம்.

காகிதம் இவ்வளவுதான். கஷ்டமெல்லாம் பழக்கத்தை மாற்றுவதில்தான்.

சேலம் அஞ்சு ரோடு சந்திப்பில் தினமும் ஓட்டுகிறவருக்குக் கண்ணும் காலும் நன்றாகவே வேலை செய்யும். எதிரே வருபவரின் முன் சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே அவர் எங்கே போவார் என்று சொல்லிவிடுவார். அந்தத் திறமை எந்த ஊருக்கும் வேண்டும். ஆனால் இங்கே இடம் கிடைத்தால் நுழைகிறோம். அங்கே யாருக்கு முன்னுரிமையோ அவர் தயங்காமல் வருவார், நாம் நிற்போம் என்று முழுக்க நம்பி வருவார். நாம் மூக்கை நுழைத்தால் அவர் பிரேக் அடிக்கத் தயாராகவே இருக்க மாட்டார். புதிதாகப் போனவர்கள் மோதுவதற்கு வேகத்தைவிட இந்த நம்பிக்கை பொருந்தாததுதான் பெரிய காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஹெட்லைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் டிப் அடித்தால் "நான் வர்றேன், நீ நில்லு" என்று அர்த்தம். பிரிட்டனில் அதையே பெரும்பாலும் "நீங்க போங்க" என்பதற்கு அடிக்கிறார்கள். நம் ஆள் நிறுத்தச் சொல்லி அடிப்பார், எதிராளி வழி விட்டதாக நினைத்துத் திரும்புவார். அடுத்தது நான்கு பக்க இண்டிகேட்டர். ஜங்ஷனில் நேராகப் போகிறேன் என்று சொல்ல இங்கே பலர் அதைப் போடுகிறார்கள், மழையிலும் ஏற்காட்டுப் பனியிலும் போட்டபடியே ஓட்டுகிறார்கள். வண்டி நின்றுவிட்டது அல்லது முன்னால் ஆபத்து என்றுதான் அங்கே அதைப் புரிந்துகொள்வார்கள். அது எரியும்போது நாம் எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பதும் தெரியாது. பனியில் லோ பீம் போதும்.

வலது பக்கம் ஓட்டும் நாடுகளில் ஸ்டீயரிங் இடதுபுறம் இருக்கும். கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் வரிசை மாறாது. கியர் வலது கைக்குப் போகும். நம் ஊர் மாருதியில் இண்டிகேட்டர் வலது பக்கம் என்பதால் முதல் வாரம் திரும்பும் இடத்திலெல்லாம் வைப்பர் ஓடும். அதனால் ஒன்றும் ஆகாது. பயப்பட வேண்டியது இடத்தைக் கணிப்பதில்தான். இத்தனை வருடமாக வண்டியின் பெரும்பகுதி நமக்கு இடப்புறம் இருந்தது, இப்போது வலப்புறம் இருக்கும். அதனால் ஓட்டுபவர் தன்னை அறியாமல் வலது ஓரத்துக்குப் போய்க்கொண்டே இருப்பார். வலது கண்ணாடி நிறுத்தியிருக்கும் கார்களில் இடிக்கும். எங்கள் விதி ஒன்றே ஒன்று: எந்த நாட்டிலும் நடுக்கோடு ஸ்டீயரிங் பக்கம் இருக்க வேண்டும். தவறான பக்கம் ஏறுவது நெரிசலில் நடப்பதில்லை, அங்கே முன்னால் போகும் வண்டியே வழிகாட்டிவிடும். பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, பார்க்கிங்கிலிருந்து கிளம்பும்போது, விடிகாலை வெறும் ரோட்டில் இடதுபுறம் திரும்பும்போதுதான் நடக்கும். அந்த மூன்று இடத்திலும் "நடுக்கோடு என் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறோம். காலி மைதானத்தில் கூம்பு வைத்து, வலப்பக்க ரவுண்டானாவைப் போட்டு, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்ற வைக்கிறோம்.

அஸ்தம்பட்டி ரவுண்டானாவிலும் ஒரு பயிற்சி உண்டு: உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழி விட்டுவிட்டு நுழைவது. நம் சட்டமும் இதையேதான் சொல்கிறது. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். அமெரிக்கா, கனடாவில் ஸ்டாப் பலகை கண்டால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். ஊர்ந்து போனால் டெஸ்டில் ஃபெயில். நான்கு பக்கமும் ஸ்டாப் இருந்தால் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். ஜெர்மனியில் பலகையே இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கு முன்னுரிமை, அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும்தான். இதை நம்மவர்களால் லேசில் நம்ப முடிவதில்லை.

கடைசி வகுப்புகளை ஏற்காடு மலைப்பாதைக்குக் கொண்டுபோகிறோம். சேலத்திலிருந்து ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறுகிற வண்டிக்கு வழி விடுவது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து வளைவுக்குள் பிரேக்கைத் தொடாமலிருப்பது, இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜினைப் பிடித்து இறங்குவது எல்லாம் அங்கே உடம்பில் ஏறும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அடிவாரம் வருவதற்குள் கருகிய வாடை வரும், பெடல் மெத்தென்று இறங்கும். பனிப்பொழிவு நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே மென்மைதான் வேண்டும்: ஸ்டீயரிங், பிரேக், ஆக்சிலரேட்டர் எதையும் சட்டென்று செய்யக் கூடாது. டயர் மட்டும் வேறு. ஜெர்மனியில் பனி, ஐஸ் படிந்த ரோட்டில் மலையும் பனித்துகளும் வரைந்த குறியுள்ள குளிர்கால டயர் கட்டாயம்.

இவ்வளவு பழகியும் ஒருநாள் எதிர்ப்பக்கத்தில் ஏறிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பதறி ஸ்டீயரிங்கை ஒடிக்காதீர்கள், எதிரே வருபவரும் அதே பக்கம் ஒதுங்கக்கூடும். பிரேக் பிடித்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரத்தில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் ரோடு காலியான பிறகு சரியான பக்கத்துக்கு மாறுங்கள். அதிவேகச் சாலையில் மட்டும் வண்டியைத் திருப்ப முயலவே வேண்டாம். ஓரங்கட்டி, முடிந்தால் தடுப்புக்கு வெளியே இறங்கி நின்று, அவசர எண்ணுக்கு அழையுங்கள்: ஐரோப்பாவில் 112, பிரிட்டனில் 999, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911.